முப்பது மில்லிமீட்டர்

2012-இல் டொயோட்டா 86 விற்பனைக்கு வந்தது. இரண்டு கதவு, பின்சக்கர இயக்கம், இரண்டு லிட்டர் என்ஜின், எடை 1,240 கிலோவுக்குச் சற்று முன்பின். என்ஜின் சுபாருவுடையது. சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இடமும் வலமுமாகப் படுத்துக் கிடக்கும் பாக்ஸர் வகை. படுத்த என்ஜினைத் தரைக்கு அருகே வைக்கலாம் என்பதால் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழுவுக்கு அது தோதாக இருந்தது. என்ஜினை இறக்கி, இருக்கையை இறக்கி, கடைசியில் காரின் ஈர்ப்பு மையத்தைத் தரையிலிருந்து ஏறக்குறைய 46 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். நம் முழங்கால் உயரம்தான் இருக்கும்.

வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக அதை இன்னும் 30 மில்லிமீட்டர் இறக்கினார்கள்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்கள் தாராளமாக நுழையும் இடைவெளி இருப்பது கார்ப் பைத்தியம் உள்ளவர்களுக்குப் பொறுக்காது. ஜப்பானில் இப்படித் தாழ்த்திய கார்களுக்கு 'ஷாகோதான்' என்று தனிப்பெயரே உண்டு; வண்டி உயரம் குறைந்தது என்று பொருள். அழகுக்காகத்தான் இறக்கினேன் என்று சொல்பவரோடு எனக்கு வழக்கில்லை. அழகாகத்தான் இருக்கிறது. "இறக்கினால் கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்" என்பவரிடம்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி வளைவில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. பாரம் உயர உயர, வெளிப்பக்கச் சக்கரங்கள் நசுங்கும். உள்பக்கச் சக்கரங்கள் லேசாகும். இப்படி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் எடையைக் கணக்கிட எளிய சூத்திரம் இருக்கிறது. காரின் எடையை வளைவின் வேகத்தால் வரும் பக்கவாட்டு முடுக்கத்தால் பெருக்கி, ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, இடவலச் சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தால் வகுத்தால் போதும். 86-க்கு அந்த அகலம் முன்னும் பின்னும் சராசரியாக 153 செ.மீ. நல்ல டயர் போட்டு, புவியீர்ப்பில் 0.9 பங்கு முடுக்கத்தில் திரும்பினால் ஏறக்குறைய 335 கிலோ எடை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகிறது. ஈர்ப்பு மையத்தை 46-லிருந்து 43 செ.மீ.க்கு இறக்கினால் அது 313 கிலோவாகிறது. (சக்கரங்களும் பிரேக்கும் இறங்குவதில்லை, அவை இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே உண்மையான லாபம் இதைவிடக் கொஞ்சம் குறைவு.) மிச்சம் 22 கிலோ. ஒரு மூட்டை அரிசியைவிடக் குறைவு.

எடை எந்தப் பக்கம் இருந்தால் என்ன, மொத்த எடை ஒன்றுதானே என்று கேட்கலாம். பள்ளியில் படித்த உராய்வு விதிப்படி கேள்வி நியாயமானது. ஆனால் ரப்பருக்கு அந்த விதி சரியாகப் பொருந்தாது. டயர் மேல் எடையை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை. அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கிப் பொருந்தும் உண்மையான பரப்பு, எடைக்கு இணையாக வளராததே காரணம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். இரண்டு டயர்களும் 300 கிலோ சுமந்து ஆளுக்கு 300 கிலோ பிடிப்புக் கொடுத்தால் மொத்தம் 600. ஒன்றில் 500, மற்றதில் 100 என்று ஆகிவிட்டால் 500 சுமப்பது 460-தான் கொடுக்கும். 100 சுமப்பது 108 கொடுக்கும். மொத்தம் 568. அதே கார், அதே டயர், அதே சாலை. 32 கிலோ பிடிப்பைக் காணோம். எனவே எடை மாற்றம் குறையக் குறையப் பிடிப்பு கூடும். பந்தயக் கார்கள் தரையோடு தரையாகப் படுத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒரு பிழையான நம்பிக்கையையும் தள்ளி வைத்துவிடலாம். கார் சாய்வதால்தான் எடை மாறுகிறது, சாய்வை நிறுத்திவிட்டால் எடை மாறாது என்று நினைப்பவர்கள் ஏராளம். மேலே சொன்ன சூத்திரத்தில் சாய்வு என்ற சொல்லே வரவில்லை. கோ-கார்ட்டில் ஸ்பிரிங்கே கிடையாது. அது சாய்வதும் இல்லை. அதிலும் எடை மாறுகிறது. சாய்வது எடை மாற்றத்தோடு கூட வரும் விளைவு மட்டுமே.

இதுவரை இறக்கியவர் பக்கம்தான் நியாயம். சிறிய நியாயம், ஆனால் உறுதியானது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், காரை இறக்கும்போது அவர் ஓர் எடையை மட்டும் கீழே கொண்டுவரவில்லை. சக்கரத்தையும் பாடியையும் இணைக்கும் இரும்புக் கைகளின் கோணங்களையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்.

86-இன் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் யோசித்தது. 1950-இல் பிரிட்டிஷ் ஃபோர்டின் கான்சல், ஜெஃபைர் என்னும் குடும்பக் கார்களில் வெளியே வந்தது. அமைப்பு எளிது. கீழே ஒரே ஒரு லோயர் ஆர்ம். அதன் உள்முனை பாடியோடும், வெளிமுனை பால் ஜாயின்ட் வழியாகச் சக்கரத்தோடும் இணைந்திருக்கும். மேலே, ஷாக் அப்சார்பரே ஒரு தூணைப்போல் நின்று தாங்கும். விலை குறைவு, இடம் குறைவு. நம் தெருவில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன்பக்கம் இதுதான். போர்ஷே 911-உம் பல தலைமுறைகளாக முன்னால் ஸ்ட்ரட்தான் வைத்திருந்தது.

ஒரு வரைபடத்தாளும் ஸ்கேலும் இருந்தால் இந்த அமைப்பின் ரகசியத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். காரை முன்னாலிருந்து பார்ப்பதாக வைத்து ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் வரையுங்கள். நான் எடுத்துக்கொண்டவை 86-இன் அளவுகள் அல்ல. அதுபோன்ற காருக்கு ஒத்துவரும் மாதிரி அளவுகள். டயர் தரையைத் தொடும் புள்ளி, நடுக்கோட்டிலிருந்து 75 செ.மீ. தள்ளி. பால் ஜாயின்ட், 70 செ.மீ. தள்ளி, 19 செ.மீ. உயரத்தில். ஆர்மின் உள்முனை, 35 செ.மீ. தள்ளி, 21.5 செ.மீ. உயரத்தில். தூணின் தலை, 58 செ.மீ. தள்ளி, 85 செ.மீ. உயரத்தில். ஆர்ம் வெளிப்பக்கம் போகப்போகக் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது ஆர்மின் வழியாக ஒரு கோட்டை உள்பக்கம் நோக்கி நீட்டுங்கள். தூணின் தலையிலிருந்து, தூணுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. இரண்டும் நடுக்கோட்டைத் தாண்டி, மறுபக்கம் சுமார் 2 மீட்டர் தள்ளி, 38 செ.மீ. உயரத்தில் வெட்டிக்கொள்ளும். டயரின் தரைப்புள்ளியிலிருந்து அந்த வெட்டுப்புள்ளிக்கு மூன்றாவது கோடு. அது காரின் நடுக்கோட்டைக் கடக்கும் இடம்தான் சாய்வு மையம். வளைவில் பாடி அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் சாயும். நம் படத்தில் அதன் உயரம் 10.5 செ.மீ.

காரை 3 செ.மீ. இறக்குவோம். டயரும் பால் ஜாயின்டும் அசைவதில்லை. ஆர்மின் உள்முனையும் தூணின் தலையும் 3 செ.மீ. கீழே வருகின்றன. வெளிப்பக்கம் தாழ்ந்திருந்த ஆர்ம் இப்போது வெளிப்பக்கம் மயிரிழை உயர்ந்து நிற்கிறது. கோடுகளை மறுபடி போட்டால் வெட்டுப்புள்ளி 3 மீட்டருக்கு ஓடிவிடுகிறது. அதன் உயரம் 14 செ.மீ.க்குச் சரிகிறது. சாய்வு மையம் எங்கே என்று பார்த்தால், 2.7 செ.மீ.

கார் இறங்கியது 3 செ.மீ. சாய்வு மையம் இறங்கியது ஏறக்குறைய 8 செ.மீ.

பஞ்சர் ஆன இடத்தில் வீல் நட்டு இறுகிக் கிடந்தால் ஸ்பானர் மேல் ஒரு பைப்பைச் செருகி நீளமாக்குவோம். ஈர்ப்பு மையத்துக்கும் சாய்வு மையத்துக்கும் உள்ள தூரம் அந்த ஸ்பானரின் நீளம். வளைவின் விசை அதைப் பிடித்துத்தான் பாடியைச் சாய்க்கிறது. முன்பு நீளம் 46-இல் 10.5 போக 35.5 செ.மீ. இப்போது 43-இல் 2.7 போக 40.3. காரைத் தாழ்த்திய கையோடு ஸ்பானருக்குப் பைப்பும் செருகிவிட்டோம். பழைய ஸ்பிரிங்கே இருந்தால் முன்பக்கம் 13 சதவீதத்துக்கும் மேல் அதிகமாகச் சாய முயலும். சாய்வு குறையும் என்று இறக்கிய கார் இது! ஸ்பிரிங்கை அந்த அளவுக்குக் கடினமாக்கினால் பழைய நிலைக்கு வந்து சேரலாம். அதற்கு மேல் செய்வதுதான் லாபம்.

சாய்வு மையம் தரையோடு ஒட்டிவிட்டால் இன்னொன்றும் நடக்கும். மாறும் எடையில் ஒரு பங்கு ஆர்ம் வழியாக, இரும்பிலிருந்து இரும்புக்கு, உடனே போய்விடும். மீதி, பாடி சாய்ந்து ஸ்பிரிங் அமுங்கிய பிறகுதான் போகும். மையம் இறங்கினால் முதல் பங்கு சுருங்கி இரண்டாவது பெருக்கும். ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பாமல் ஒரு கணம் யோசிப்பதுபோல் இருக்கும். தாழ்ந்து, அகன்று, பாயத் தயாரான புலிபோல் நிற்கும் கார், திருப்பினால் மந்தமாக இருக்கிறதே என்று குழம்புவார். குற்றம் பெரும்பாலும் டயரின் மேல் விழும்.

சக்கரத்தின் சாய்கோணமான காம்பரும் இதே கதைதான். வளைவில் பாடி வெளிப்பக்கம் சாயும்போது சக்கரத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு சாயும். டயர் ஓரத்தில் மட்டும் நிற்காமல் முழு அகலத்திலும் தரையைத் தொட வேண்டுமானால், அமுங்கும் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய வேண்டும். நம் மாதிரிக் காரில் 30 மி.மீ. அமுங்கினால் முன்பு 0.63 டிகிரி சாய்ந்துகொண்டிருந்தது. இறக்கிய பிறகு 0.46 டிகிரிதான். கூடுதலாகச் சாயும் பாடி, குறைவாக ஈடுகட்டும் சக்கரம். முன் டயர்களின் வெளி ஓரம் தேய்வதில் ஆச்சரியமில்லை.

86-இன் பின்பக்கம் வேறு வகை. மேலும் கீழும் கைகள் உள்ள டபுள் விஷ்போன். அங்கே இறக்கினால் சக்கரங்கள் தாமாகவே தலையை உள்பக்கம் சாய்த்துக்கொள்கின்றன. சாய்வு மையமும் முன்பக்கத்தைப் போல் சரிந்து ஓடுவதில்லை. பின்னால் பிடிப்பு கூடுகிறது, முன்னால் அது கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் ஒரே 30 மி.மீ. இறக்கினாலும் காரின் சமநிலை மாறிவிடும்: திருப்பினால் மூக்கு வெளியே தள்ளும் குணம் கூடும். வாலை லேசாக ஆட்டி விளையாடத்தான் டொயோட்டா இந்தக் காருக்கு மெல்லிய 215 அளவு டயர்களைப் போட்டு அனுப்பியது. அந்த விளையாட்டுக் குணம்தான் முதலில் போகிறது.

அப்படியானால் சாய்வு மையத்தை உயர்த்தி, ஈர்ப்பு மையத்தோடு சேர்த்தே வைத்துவிட்டால் என்ன? ஸ்பானரின் நீளம் பூஜ்யம், கார் சாயவே சாயாது. கிட்டத்தட்ட அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல், மேல்நோக்கித் திறக்கும் இறக்கைக் கதவுகளுக்குப் பேர்போனது. அதன் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் தொங்கின. அங்கே சாய்வு மையம் மிக உயரம். வேகமாகத் திரும்பும்போது டயரில் வரும் பக்கவாட்டு விசை, அந்த உயர்ந்த புள்ளி வழியாகப் பாடியை ஜாக்கி வைத்ததுபோல் மேலே தூக்கும். தூக்கினால் சக்கரம் உள்பக்கம் மடங்கும். மடங்கினால் பிடிப்புப் போகும். பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் சுழன்றுவிடும். திறமையான ஓட்டுநர்களே பயந்த கார் அது. 1957-இல் ரோட்ஸ்டர் வடிவம் வந்தபோது அச்சின் கீலைக் கீழே இறக்கி மெர்சிடிஸ் இதைத் தணித்தது. ஆக, மையம் மேலே போனாலும் வம்பு, கீழே போனாலும் வம்பு. கார் செய்பவர்கள் பல மாதங்கள் ஓட்டிப் பார்த்து ஒரு நடு இடத்தில் நிறுத்துகிறார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அதை நகர்த்துகிறோம்.

அடுத்தது இடம். சக்கரம் மேலே எழும்ப இருக்கும் தூரத்தைச் சொல்கிறேன். ஒரு காரில் அது 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. இறக்கினால் மீதி 50. பள்ளத்தில் விழும் சக்கரம் கொண்டுவரும் ஆற்றலை இந்த 50-க்குள் விழுங்க வேண்டும். ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே பழைய பள்ளத்தையே தாங்க, 80-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் வரும் 2.56 மடங்கு கடினமான ஸ்பிரிங் வேண்டும். அப்படி ஒன்றைப் போட்டால் நொடிக்கு ஒன்றரை முறை மெல்ல ஆடிக்கொண்டிருந்த கார் 2.4 முறை உதறும். அதைத் தினமும் ஓட்டி வேலைக்குப் போக யாருக்கும் மனம் வராது. ஆகவே கடையில் விற்கும் இறக்கும் ஸ்பிரிங்குகள் அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. விளைவு, ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்க்கட்டையில் கார் அடிக்கடி போய் உட்காருகிறது.

நேரான சாலையில் உட்கார்ந்தால் முதுகில் ஒரு இடி, அவ்வளவுதான். வளைவின் நடுவில் ஒரு சிறு மேட்டில் ஏறி உட்கார்ந்தால் கதை வேறு. அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கின் கடினம் பல மடங்காகிவிடும்; மாறும் எடை முழுக்க அந்த மூலைச் சக்கரத்தின் மேல் விழும். முன்பக்கமானால் கார் நேராக ஓடும். பின்பக்கமானால் வால் சுழலும். இரண்டுமே முன்னறிவிப்பில்லாமல் வரும். தாழ்த்திய கார் "நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று..." என்று தொடங்கும் கதைகளில் பலவற்றுக்கு இந்த ரப்பர்க்கட்டைதான் காரணம்.

காசு மிச்சம் என்று ஸ்பிரிங்கையே கட்டர் வைத்து அறுப்பவர்களும் உண்டு. ஒரு வேடிக்கை: அறுத்தால் ஸ்பிரிங் கடினமாகும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஐந்து சுற்று 20 சதவீதம் கடினம். அதுவரை சரி. ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவிவிடலாம். காஸ் விளக்கால் சூடுகாட்டித் தொய்ய விடுவது இதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும். எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

கிட்டத்தட்டக் கல்லாகவே இருக்கும் சஸ்பென்ஷனில் கார் எப்படி ஓடும் என்பதை ஃபார்முலா ஒன் உலகம் 1981-இல் அறிந்தது. அங்கே தாழ்வுக்குக் காரணம் ஈர்ப்பு மையம் அல்ல, காற்று. காரின் அடியில் ஓடும் காற்று அதைத் தரையோடு உறிஞ்ச வேண்டும். அதற்கு இடைவெளி குறுகியிருக்க வேண்டும். அந்த ஆண்டு, காருக்கும் தரைக்கும் நடுவே 6 செ.மீ. இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அளந்தது, கார் நிற்கும்போது. பிரபாம் அணியின் கார்டன் மர்ரே, காற்றின் அழுத்தத்தில் வேகமாகப் போகும்போது தானாக அமர்ந்து, மெதுவாகத் திரும்பி வரும்போது தானாக எழும் நீர்ம-வாயு சஸ்பென்ஷனைப் பொருத்தினார். அளக்க வந்தவர் முன்னால் கார் சாதுவாக 6 செ.மீ. உயரத்தில் நின்றது. அர்ஜென்டினாவில் நெல்சன் பிக்கே அதில் வென்றார். அந்த ஆண்டின் பட்டமும் அவருக்கே. மற்ற அணிகளும் பின்பற்ற, அந்தக் குறுகிய இடைவெளியைக் காக்கக் கல்லாய் இறுக்கிய சஸ்பென்ஷனில் ஓட்டுநர்கள் முதுகு நொறுங்க ஓட்டினார்கள். 1983-இல் காரின் அடி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதித்த பிறகுதான் அந்தக் கூத்து ஓய்ந்தது.

உயரச் சட்டத்தை நீர்ம அழுத்தத்தால் ஏமாற்றியதில் மர்ரே முதல் ஆளும் அல்ல. 1950களின் இறுதியில், சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது. அங்கே மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் காரைத் தரை உரச இறக்கி ஊர்வலம் போவது வழக்கம். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்திக்கொண்டார்கள். போலீஸ் கண்ணில் பட்டால் ஒரு பொத்தான். கார் எழுந்து நிற்கும். இவர்கள் யாரும் வளைவில் வேகமாகப் போக ஆசைப்படவில்லை என்பதால் சாய்வு மையம் எங்கே கிடந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. என் கணக்கில் அவர்கள்தான் நேர்மையானவர்கள்.

வேகமாகவும் போக வேண்டும், இறக்கவும் வேண்டும் என்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. ரேஸிங் பாகங்கள் விற்கும் கடைகளில் நீளமான பால் ஜாயின்ட் கிடைக்கும். அது ஆர்மின் வெளிமுனையைக் கீழே இறக்கிப் பழைய கோணத்தைத் திருப்பித் தரும்; சாய்வு மையமும் மேலே வரும். அதை மட்டும் மாற்றி ஸ்டியரிங்கின் டை ராடை விட்டுவிட்டால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆர்மும் டை ராடும் வேறு வேறு வட்டத்தில் இழுத்து, மேடுபள்ளத்தில் கார் தானாகவே திரும்பப் பார்க்கும். பால் ஜாயின்டையும் டை ராடையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட். டயரின் உள் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரில் வழுக்கையானால் எல்லோரும் காம்பரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் தவறு செய்தது, இறக்கியபோது மாறி, யாரும் திருத்தாமல் விட்ட டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணம்.

போர்ஷே தன் 911-க்குத் தானே விற்கும் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் காரை எவ்வளவு இறக்குகிறது தெரியுமா? தலைமுறையைப் பொறுத்து 10-லிருந்து 20 மி.மீ. ஷாக்கும் ஸ்பிரிங்கும் அதற்கென்று செய்தவை. சோதனைத் தடமும் கணினியும் நூற்றுக்கணக்கான பொறியாளர்களும் வைத்திருப்பவர்கள் அங்கே நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஸ்பிரிங் வாங்கப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கி போடாமல், முன்சக்கரத்தருகே படுத்து டார்ச் அடித்து லோயர் ஆர்மைப் பாருங்கள். வெளிமுனை உள்முனையைவிடத் தாழ்ந்திருந்தால் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஏற்கனவே கிடைமட்டமாக இருந்தால், நீளமான பால் ஜாயின்டுக்கும் சேர்த்துக் காசு வைத்திருந்தால் மட்டும் இறக்குங்கள்.